பழைய டிவிஆரில் புதிய சாப்ட்வேர் ஏற்றலாமா?

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் எல்லாரும் நமக்குச் சொல்லும் முதல் அறிவுரை, "சாப்ட்வேரை அப்டேட் செய்து கொண்டே இருங்கள்" என்பதுதான். கம்ப்யூட்டருக்கு இது சரியான அறிவுரை. ஆனால், சிசிடிவி கேமராக்களின் காட்சிகளைப் பதியும் டிவிஆர் பெட்டிக்கும் இதை அப்படியே பின்பற்றினால் கையைச் சுட்டுக் கொள்வோம் என்பது என் கருத்து.

டிவிஆர் என்பது டிஜிட்டல் வீடியோ ரெக்கார்டர். இதுவும் ஒரு சிறிய கம்ப்யூட்டர்தான். உள்ளே பிராசசர், மெமரி, ஹார்ட் டிஸ்க் எல்லாம் உண்டு. பெரும்பாலானவற்றில் லினக்ஸ் சிஸ்டம்தான் இயங்குகிறது. இதை இயக்கும் சாப்ட்வேரை பெர்ம்வேர் என்பார்கள். அது சில மெகாபைட் அளவே உள்ள ஒரு சிப்பில் எழுதப்பட்டிருக்கும்.

நான் சென்னையில் சாப்ட்வேர் இன்ஜினியர். சொந்த ஊர் கடலூர். விடுமுறையில் வரும்போதெல்லாம், பத்து ஆண்டுகளைத் தாண்டிய டிவிஆர் பெட்டிகளை வைத்திருக்கும் கடைக்காரர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "தம்பி, இது இப்ப கம்ப்யூட்டரில் தெரிய மாட்டேங்குது. புது சாப்ட்வேர் போட்டுத் தர முடியுமா?"

தெரியாததற்குக் காரணம் எளிது. அந்தக் காலப் பெட்டிகள் பலவற்றை இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் ஆக்டிவ்எக்ஸ் என்ற துணை புரோகிராம் மூலம்தான் பார்க்க முடியும். 2022 ஜூன் 15ல் மைக்ரோசாப்ட் அந்த பிரவுசருக்கு விடை கொடுத்துவிட்டது. குரோம் பிரவுசரில் ஆக்டிவ்எக்ஸ் இயங்காது. பெட்டி பழுதாகவில்லை, அதைப் பார்க்கும் ஜன்னல்தான் மூடிவிட்டது.

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். சிதம்பரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு லாட்ஜில், வாசலில் நின்ற பைக் திருடு போனது. காட்சியை எடுக்க வந்தவர், வேறு மாடலுக்கான புதிய பெர்ம்வேரை பென் டிரைவ் மூலம் ஏற்றினார். பெட்டி அதன்பின் இயங்கவே இல்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டினால், "பார்மட் செய்யவா?" என்று கேட்கிறது. பல டிவிஆர்கள் விண்டோஸ் அறியாத தங்களுக்கே உரிய முறையில் பதிவதுதான் காரணம். பைக்கும் போனது, சாட்சியும் போனது.

ஏன் இப்படி? கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பொது அமைப்பில் செய்யப்படுகின்றன. அதனால் பத்து வருடப் பழைய கம்ப்யூட்டரிலும் இன்றைய லினக்ஸ் இயங்கும். டிவிஆர் அப்படியல்ல. ஒவ்வொரு போர்டும் ஒவ்வொரு விதம். ஒன்றின் பெர்ம்வேர் மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஏற்றும்போது பாதியில் கரண்ட் போனாலும் கதை முடிந்தது.

அப்படியானால் பழைய பெட்டியை உள்ளபடியே விட்டுவிடலாமா? அதுவும் கூடாது. 2016ல் மிராய் என்ற வைரஸ், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டுகள் சுமார் 60ஐ மட்டும் முயன்று பார்த்தே, உலகெங்கும் ஏராளமான டிவிஆர்களையும் கேமராக்களையும் பிடித்துக் கொண்டது. அவற்றைக் கொண்டு அக்டோபர் 21 அன்று டைன் நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர் உள்ளிட்ட பெரிய தளங்கள் பலருக்குக் கிடைக்காமல் போயின. மொபைலில் பார்ப்பதற்காக டிவிஆரை இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்து, பாஸ்வேர்டையும் மாற்றாத கடைகள் நம் லாரன்ஸ் சாலையிலும் உண்டு.

என் யோசனை, வேலையைப் பிரித்துக் கொடுப்பது. பழைய டிவிஆர் பதியும் வேலையை மட்டும் செய்யட்டும். புதிய சாப்ட்வேர் கம்ப்யூட்டரில் இயங்கட்டும்.

முதலில் டிவிஆரின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரவுட்டரில் போர்ட் பார்வேர்டிங், யுபிஎன்பி இரண்டையும் நிறுத்துங்கள். இனி வெளியாட்கள் நேராக உள்ளே வர முடியாது. அடுத்து, அதே நெட்வொர்க்கில் உள்ள கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயரைத் திறந்து, மீடியா மெனுவில் ஓப்பன் நெட்வொர்க் ஸ்ட்ரீம் கிளிக் செய்து, டிவிஆரின் ஆர்டிஎஸ்பி முகவரியைக் கொடுங்கள். இந்த வசதி உள்ள பெட்டியானால் காட்சி தெரியும். முகவரி அமைப்பு பெட்டியின் கையேட்டில் இருக்கும்.

கூடுதல் வசதி வேண்டுமென்றால், பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு, இலவசமான ஜோன்மைண்டர் புரோகிராமை அமைக்கலாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டதால், இந்த வேலைக்கு லினக்ஸே நல்லது.

"தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்று சொல்பவர்களும் உண்டு. கேமராவும் கேபிளும் நன்றாக இருக்கும்போது அந்தச் செலவு எதற்கு? வாங்கியே தீர வேண்டுமென்றால், சேனல் எத்தனை, ஹார்ட் டிஸ்க் எத்தனை டெராபைட் என்பதோடு, "எத்தனை ஆண்டுகளுக்கு அப்டேட் தருவீர்கள்?" என்றும் கேளுங்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் இன்டர்நெட்டில் இணையும் சாதனங்களுக்கு இதைத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம். நம் ஊர்க் கடையில் வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கினால்தான் இங்கும் பதில் வரும். பதில் சொல்ல முடியாத பெட்டி விலை மலிவாக இருந்தாலும் வேண்டாம்.