அழகுக்கு மட்டும்தான் பரிசா?

நாய்க் கண்காட்சி என்றாலே எனக்குப் பெண் பார்க்கும் சடங்குதான் ஞாபகம் வரும். நிற்கச் சொல்வார்கள், நடக்கச் சொல்வார்கள், பல்லைப் பார்ப்பார்கள், நிறத்தைப் பார்ப்பார்கள். 'இதுக்கு என்ன வேலை தெரியும்?' என்று பெரும்பாலும் கேட்பதே இல்லை!

எங்கள் தெற்குச் சீமையில், கல்யாணப் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததால்தான் கன்னி நாய்க்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள் பெரியவர்கள். கன்னியும் சிப்பிப்பாறையும் இரையைக் கண்ணால் பார்த்து, ஓடிப் பிடிக்கிற ஜாதி. முயல் வேட்டை 1972-ம் வருட வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ரொம்ப நல்லது. ஆனா, அந்தக் கால் சும்மா இருக்குமா? சங்கிலியில் கட்டிப்போட்டுவிட்டு, 'ராத்திரி பூரா குரைக்குது' என்று திட்டுகிறோம்.

அமெரிக்காவில் 1970-களிலேயே இதற்கு வழி கண்டார்கள். ஒரு பிளாஸ்டிக் பையைக் கயிற்றில் கட்டி, மோட்டார் வைத்து மைதானத்தில் வளைத்து வளைத்து இழுக்கிறார்கள். நாய்கள் அதைத் துரத்துகின்றன. வேகத்துக்கு மட்டுமல்ல, திரும்புகிற லாகவம், மூச்சுப் பிடிக்கிற திராணி, குறுக்குவழி போகாத ஒழுங்கு எல்லாத்துக்கும் மார்க். ஒரு முயலுக்கும் சேதமில்லை!

இங்கிலாந்தில் 1978-ல் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் இடைவேளை வேடிக்கையாக ஆரம்பித்தது, தடை தாண்டும் போட்டி. நாயைத் தொடக்கூடாது, தின்பண்டம் காட்டக்கூடாது, குரலும் கையசைவும்தான். ஆண், பெண் பேதமே கிடையாது. வேளாவேளைக்குச் சோறு வைக்கிற நம்ம குரலுக்கு, நம்ம வீட்டு நாய் கட்டுப்படாதா என்ன?

2005-ல் தபால்தலையிலேயே இடம்பிடித்தது நம் ராஜபாளையம் நாய். வெள்ளை வெளேர் என்று இருந்தால்தான் அழகு என்று தேடித் தேடி வளர்க்கிறோம். அந்த வெள்ளையோடு சேர்ந்து, பிறவியிலேயே காது கேட்காத குட்டிகளும் பிறக்கின்றன. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவதற்கும் ஒரு பரிசு இருந்தால், காது கேட்கிற குட்டியைத் தேடி வளர்ப்பார்கள் இல்லையா?

பணம் கட்டும் சூதாட்டம் வேண்டாம். நிஜ முயல் வேண்டவே வேண்டாம். எலும்பு முற்றாத குட்டியைத் தாண்ட விடவேண்டாம். மார்கழி, தை மாதக் காலையில், வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். கண்காட்சி நடத்துகிறவர்களும் கால்நடைத் துறையினரும் அழகுப் போட்டியோடு ஓட்டத்துக்கும் கீழ்ப்படிதலுக்கும் பரிசு வையுங்களேன். சகோதரிகளே, நீங்க என்ன சொல்றீங்க?

- ஒரு வாசகி, கோவில்பட்டி.