பாடகர் இறந்துவிட்டாராம்

மேடைக்கு இனி மனிதப் பாடகர் தேவையில்லை என்று சக இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை அறிவித்திருக்கிறது. எண்பதுகளில் இலக்கியக் கோட்பாடு பேசி ஆசிரியனைக் கொன்று அடக்கம் செய்தவர்கள் இப்போது பாடகருக்குப் பாடை கட்டுகிறார்கள். ஆசிரியன் செத்த கட்டுரைகளுக்கு மேலே தங்கள் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டவர்கள்தாம் இவர்கள்.

கட்டுரை காட்டும் சான்று, ஹட்சுனே மிக்கு. 2007இல் சப்போரோவின் கிரிப்டான் நிறுவனம் வெளியிட்ட குரல் மென்பொருள். சாகி ஃபுஜிதா என்ற குரல் நடிகையின் ஒலித்துணுக்குகளைக் கோத்துப் பாடுவது. மிக்குவோடு நமக்குப் பகையில்லை. பெயர் தெரியாத இளைஞர்கள் வீட்டில் உட்கார்ந்து அவளுக்குப் பாட்டுக் கட்டினார்கள். பாகவதர் சபைகளில் கிடைக்காத ஜனநாயகம் அது.

ஆனால் மிக்கு ஒளியுருவாகப் பாடும் மேடையில், திரைக்குப் பக்கத்தில் கிதாரும் டிரம்ஸும் வாசிப்பவர்கள் ரத்தமும் சதையுமான ஆட்கள். அபா பாப் குழுவின் பெயரில் 2022இல் லண்டனில் தொடங்கிய ‘அபா வாயேஜ்’ நிகழ்ச்சியிலும் இளமை திரும்பிய நால்வர் ஒளியுரு, வாத்தியக்குழு நிஜம். பாடகரை உண்டாக்கத் தெரிந்தவர்களுக்கு டிரம்ஸ்காரரை உண்டாக்க முடியாதா? முடியும். வியர்க்கிற ஆள் ஒருவர்கூட இல்லையென்றால் அரங்கம் சினிமாக் கொட்டகையாகிவிடும் என்ற பயம்.

அந்த வியர்க்கிற ஆளின் கதியைத்தான் யாரும் கேட்பதில்லை. 1977இல் இறந்த ஆப்பரா பாடகி மரியா காலஸ் 2018இல் ஒளியுருவாக ஊர் ஊராகப் போனார். கூடவே உயிருள்ள இசைக்குழு. பழைய ஒலிப்பதிவு மூச்சு வாங்கும் இடத்தில் இவர்களும் மூச்சு வாங்க வேண்டும். குழுவை நடத்துபவர் ஒரு கணம் கையை நிறுத்தினாலும் காலஸ் நிற்க மாட்டார்.

மிருதங்க மேதை பாலக்காடு மணி அய்யர் மைக்கே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவர். பழமைவாதம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் பாட்டில் ஒரு வார்த்தை தனியாக நிற்க வேண்டிய இடத்தில் அவர் கையை எடுத்துவிடுவார். வாசித்ததைப் போலவே வாசிக்காமல் விட்டதும் பாட்டோடு சேர்ந்தது. அப்படி விட்டதைக் கேட்ட பாடகர், வீட்டில் தயார் செய்து வந்ததைக் கைவிட்டு அந்த வரியை விரித்துப் பாடும் நிரவலை வேறு பக்கம் திருப்பலாம். ஒலிப்பதிவுக்கு இந்தக் காது கிடையாது. அதன்முன் வாசிப்பவருக்குச் சும்மா இருக்கும் உரிமையும் கிடையாது.

இதற்கு ஜப்பானையும் லண்டனையும் மட்டும் ஏன் திட்ட வேண்டும்? நம் மெல்லிசை மேடைகளில் முன்பே பதிவு செய்த ட்ராக் ஓடுகிறது. பாடகர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுகிறார். அவர் குரல் மட்டும் ஒலிபெருக்கியில் நிற்காமல் கேட்கிறது. கூட்டம் அதற்கும் விசிலடிக்கிறது. கர்நாடக இசை சபாக்களின் லட்சணம் வேறு. மிருதங்கம் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி அரங்கம் எழுந்து கேன்டீனுக்கு நடக்கும். மிருதங்கக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொள்வார். ஒளியுருவுக்கு அந்த அவமானம் இல்லை. கட்டுரையாளர் பட்டியலில் விட்டுப்போன அனுகூலம் இது.

அவர் மறுப்பு எழுதட்டும், வெளியிடுகிறோம். தனி ஆவர்த்தனத்துக்கு உட்கார்ந்திருந்த வழக்கம் உண்டா என்பதையும் அதில் ஒரு வரி சேர்த்தால் நல்லது.