மின்கணக்கும் தமிழ் மாணவரும்

தமிழ் பயில்வார்க்கு மின்சாரக் கணக்கு எற்றுக்கு என வினவுவோர் நம்மிடையே பலர் உளர். பௌதிகம் பயில்வாருள்ளும், அக்கணக்கைத் தமிழிற் சொல்லுவதனாற் பயன் யாது எனக் கேட்போர் சிலர் உளர். இவ்விரு வினாக்களும் ஒரே பிழையின் இரு பக்கங்கள் என்பது எமது துணிபு. சொல்லறிந்தார் கணக்கறியாமலும், கணக்கறிந்தார் சொல்லறியாமலும் நிற்க, நாள்தோறும் மின்விசையை அழுத்தும் இல்லத்தார் இரண்டினையும் பெறாது நிற்கின்றனர்.

நம் புதுச்சேரியின் தெருப்பலகைகளில் பிரெஞ்சுப் பெயர்கள் இன்றும் காணப்படுகின்றன. அவற்றைக் கண்டு வியக்கும் நாம், பாரிசு நகரம் நமக்குத் தந்த வேறொரு பெயர்வரிசையை நோக்குவதில்லை. 1881ஆம் ஆண்டில் அந்நகரிற் கூடிய மின்னியலார் மாநாடே வோல்ட்டு, ஆம்பியர், ஓம் என்னும் அளவைகளை உலகிற்குப் பொதுவாக்கிற்று. 1889இல் ஆங்குக் கூடிய மாநாடு வாட் என்பதனையும் சேர்த்தது. ஆம்பியர் பிரான்சு நாட்டினர், வோல்ட்டா இத்தாலியர், ஓம் செருமானியர், வாட் ஸ்காத்லாந்தினர். நாட்டெல்லை கடந்த இவ்வறிவு நம் வீட்டுச் சுவரில் மின்னளவியாய்த் தொங்குகின்றது. அதனைப் படிக்க அறியாமை நமக்கு இழுக்கன்றோ?

ஜார்ஜ் சைமன் ஓம் என்பார் கொலோன் நகரில் பள்ளியாசிரியராய் இருந்து ஆராய்ந்து, 1827இல் தம் கொள்கையை நூலாக வெளியிட்டார். தம் நாட்டார் அதனைப் பெரிதும் பொருட்படுத்தாதிருக்க, இலண்டன் இராயல் சங்கம் 1841இல் காப்ளி பதக்கம் அளித்துச் சிறப்பித்தது. அவர் கண்ட உண்மை மிக எளிது. அழுத்தம் மிகின் ஓட்டம் மிகும். தடை மிகின் ஓட்டம் குறையும். மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை என்னும் தமிழ்ச் சொற்களே வாய்க்கால் நீரை நினைப்பித்து இவ்வுண்மையை விளக்கிவிடுகின்றன. அழுத்தத்தை ஓட்டத்தால் வகுக்கத் தடை வரும். அழுத்தத்தை ஓட்டத்தாற் பெருக்கத் திறன் வரும். தேமா புளிமா என வாய்பாடு கூறிச் சீர் பிரிக்கும் மாணவர்க்கு இவ்விரண்டு வாய்பாடுகளும் பெருஞ்சுமை ஆகா.

ஓர் உதாரணம் காண்போம். நம் இல்லங்களுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட்டு. நீர் சூடேற்றும் கருவியொன்று 5 ஆம்பியர் கொள்ளுமாயின், அதன் தடை 46 ஓம். திறன் 1,150 வாட். இரண்டு மணி நேரம் இயங்கினால் 2.3 யூனிட் செலவாகும். மின்விசிறி முதலிய சுழல்பொறிகட்கு இக்கணக்குச் சிறிது வேறுபடும். வெப்பந்தரும் கருவிகட்கோ இஃது அவ்வாறே பொருந்தும்.

நிற்க. கட்டணத்தை அறிதல் மட்டுமே இதன் பயனன்று. 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியையும் 1,500 வாட் கெட்டிலையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியிற் செருகுவார் எத்தனை பேர்! இரண்டுஞ் சேர்ந்து இழுப்பது ஏறத்தாழ 11 ஆம்பியர். சிறு பிளக் பாயிண்டோ 6 ஆம்பியருக்கே அமைந்தது. கம்பியிற் பிறக்கும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஓட்டம் இருமடங்காயின் வெப்பம் நான்மடங்காம். கம்பியின் தடை அரை ஓம் எனினும், அதனுள்ளே 60 வாட் வெப்பம் மறைந்து எரியும். பழைய வீடுகளில் தீ பிடித்தபின், 'மின்கசிவு' என்று ஒரு சொல்லால் முடித்துவிடுகிறோம். தீக்கு முன்னரே போடத்தக்க கணக்கு ஒன்று இருந்ததனை நினைப்பதில்லை.

மழைக்காலத்தில் இவ்வறியாமை உயிரையே வாங்கும். 2024 நவம்பர் இறுதியில் வந்த பெஞ்சல் புயலின்போது, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மழையால் நம் நகரத்து வீதிகளும் வீடுகளும் நீரில் நின்றமை யாவரும் அறிந்ததே. நனைந்த உடலின் தடை 1,000 ஓம் அளவிற்குத் தாழக்கூடும். 230ஐ 1,000ஆல் வகுத்துப் பாருங்கள்: 230 மில்லியாம்பியர். உயிர்காக்கும் பொருட்டு வீடுகளிற் பொருத்தும் மின்கசிவு தடுப்பான், 30 மில்லியாம்பியர் கசிந்த அளவிலேயே மின்னை அறுக்குமாறு அமைக்கப்படுகின்றது. அதனினும் ஏழு மடங்கிற்கு மேற்பட்ட ஓட்டம் ஒரு தாயின் கையிலோ குழந்தையின் காலிலோ பாயுமாயின் என்னாகும்? ஈரக்கையால் விசையைத் தொடாதே என்னும் அறிவுரை, இவ்வகுத்தலோடு சேர்ந்தாலன்றி மனத்திற் பதியாது.

இவற்றையெல்லாம் மின்பணியாளர் பார்த்துக்கொள்ளார்களோ என்பாருக்கு எமது விடை: அவர் பணியை நாம் செய்தல் வேண்டா, அவரை எப்பொழுது அழைத்தல் வேண்டும் என்பதை அறிந்தாற் போதும். தமிழிற் சொல் இல்லையே என்பாருக்கு வரலாறே விடையிறுக்கும். அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். 1916இல் சேலத்தில் இராஜகோபாலாச்சாரியார் முதலியோர் சாஸ்திர பரிபாஷைக்கென ஒரு சங்கம் கண்டபோது, இந்நகரில் வாழ்ந்த பாரதியார் அதனைக் குறித்துக் கட்டுரை வரைந்தார். அவர்கள் சொல்லைத் தேடினர். நமக்கோ சொல் பாடநூல்களிலேயே ஆயத்தமாக உள்ளது. வழங்குவார்தாம் குறைவு.

ஆதலின் நம் கல்லூரித் தமிழ்ச் சங்கத்தார்க்கும் பௌதிகச் சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுது இருசாராரும் கூடுக. ஒருவர் கணக்கைச் சொல்லுக. மற்றவர் அதனை வீட்டார் விளங்கும் தமிழில் ஆக்குக. பின்னர் ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்துக் கருவிகளின் பெயர்த்தகட்டிலுள்ள எண்ணைக் கண்டு, பெற்றோர்க்கும் உடன்பிறந்தார்க்கும் ஒருமுறை கணக்கிட்டுக் காட்டுக. விளக்கைக் கொளுத்தி மரக்காலின் கீழ் வைப்பார் இலர் என்பதை நாம் சிறுபிராயமுதற் கேட்டு வருகிறோம். கல்லூரியிற் கொளுத்திய விளக்கு இல்லத்திற்கு ஒளி தாராதாயின், அதனை மரக்காலின் கீழ் வைத்தவர் நாமே ஆவோம்.