பள்ளிக்கூடக் கூரையை யார் பார்ப்பது?

மும்பையில் வாழும் நம்மவர்கள் பள்ளிக்கூடத்துக்கு உதவுவதில் பின்வாங்குகிறவர்கள் அல்லர். நோட்டுப் புத்தகம், மின்விசிறி, குடிநீர்க் குழாய் என்று கேட்டால் கொடுப்பார்கள். ‘உபயம்’ என்று பெயர் எழுதி எழுதி டியூப் லைட்டின் வெளிச்சமே குறைந்துபோன கோயில்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம்! ஆனால் காசு செலவில்லாத ஓர் உதவி உண்டு. அதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. மாநகராட்சிப் பள்ளிகளின் நிர்வாகக் குழுவில் உட்காருவதைச் சொல்கிறேன்.

மராத்தியில் இதை ‘ஷாலா வியவஸ்தாபன் சமிதி’ என்கிறார்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது, வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது இவர்கள் வேலை. உதவி பெறும் பள்ளிகளில் இந்தக் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம். உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தப் பிரிவே பொருந்தாது. மாநகராட்சிப் பள்ளியில்தான் இதற்கு முழு பலம். அங்கே பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பலர் இதைக் கையெழுத்துப் போடும் குழு என்றே நினைக்கிறார்கள். நடப்பதும் பல இடங்களில் அதுதான். ஆனால் இதன் அருமையை நாம் துக்கத்தில்தான் உணர்கிறோம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் மாண்டார்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். தாராவியில் பலருக்கு அதுதான் சொந்த ஊர். அன்று அங்கே அடுப்பு எரியாத வீடுகள் இருந்திருக்கும். 2025 ஜூலையில் ராஜஸ்தானின் ஜாலாவாட் மாவட்டத்தில் அரசுப் பள்ளிக் கூரை விழுந்து ஏழு குழந்தைகள் பலியானார்கள்.

கட்டடம் ஒரே நாளில் விழுவதில்லை. முதலில் சொல்லிப் பார்க்கும். ரயில்வே கட்டடங்களைப் பல வருடங்கள் பராமரித்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். கடற்காற்றும் மழை ஈரமும் கான்கிரீட்டுக்குள் புகுந்தால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, மேலே உள்ள கான்கிரீட்டைத் தள்ளும். கூரையில் காவி நிறக் கறை, கம்பி போகும் வழியே நேர்க்கோடாக விரிசல், தட்டினால் பொள்ளென்ற சத்தம், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசஞ்செடி, தொட்டிக்கு அடியில் காயாத ஈரம் - இவற்றைக் காண இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை. வீடு கூட்டுகிற எந்தத் தாயாருக்கும் இவை கண்ணில் படும். தண்டவாளத்தில் ‘கீமேன்’ என்பவர் தினமும் தன் பகுதியை நடந்து பார்ப்பார். தளர்ந்ததை இறுக்குவார், தன்னால் முடியாததை மேலே சொல்வார். பள்ளிக்கு அப்படி ஒரு கண் வேண்டும். என்ன பழுது பார்ப்பது என்பதை மாநகராட்சிப் பொறியாளர் முடிவு செய்யட்டும்.

மும்பைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. ஒரே கட்டடத்தில் கீழே மராத்தி, மேலே இந்தி, அதற்கும் மேலே தமிழ் அல்லது உருது என்று இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித் தலைமையாசிரியர், தனிக் குழு. மாடிப்படி, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி மட்டும் பொது. ஊருக்குப் பொது என்றால் யாருக்கும் இல்லை என்று ஆகிவிடுகிறது. தொட்டியைக் கழுவ மராத்திப் பள்ளி சொல்லியிருக்கும் என்று தமிழ்ப் பள்ளி இருக்கும். தமிழ்ப் பள்ளி சொல்லியிருக்கும் என்று அவர்கள் இருப்பார்கள். ஆகவே ஒரு கட்டடத்தில் உள்ள எல்லாக் குழுக்களும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது சேர்ந்து உட்கார வேண்டும். கட்டடத்துக்கு ஒரே பதிவேடு வைக்க வேண்டும். மொழிக்கு ஒரு பள்ளி இருக்கலாம், மொழிக்கு ஒரு கூரை கிடையாது.

எழுதுவதற்கும் காலம் உண்டு. குழு தயாரிக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டமே மானியத்துக்கு அடிப்படை என்கிறது சட்டத்தின் 22ஆம் பிரிவு. நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. பழுதுகளின் பட்டியல் டிசம்பருக்குள் திட்டத்தில் ஏறியிருக்க வேண்டும். ஏப்ரலில் மறுபடி சுற்றிப் பார்த்தால், மே விடுமுறையில் வேலை நடக்கும். ஜூன் நடுவில் பள்ளியும் திறக்கும், மழையும் வந்துவிடும். அப்போது மனு எழுதிப் பயன் என்ன?

‘இதற்கெல்லாம் கார்ப்பரேட்டர் இல்லையா?’ என்று கேட்பார்கள். 2022 மார்ச்சில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தபின் மூன்று வருடங்களுக்கு மேல் தேர்தலே நடக்கவில்லை; கார்ப்பரேட்டரும் இல்லை. அந்த நாட்களிலும் பெற்றோருக்குச் சட்டம் கொடுத்த இந்த நாற்காலி இருந்தது. தலைமையாசிரியரோடு சண்டை போடவும் வேண்டாம். கூரையைப் பெயர்த்துப் போட அவருக்கு அதிகாரம் கிடையாது. கடிதம்தான் எழுத முடியும். பெற்றோரின் தீர்மானம் பின்னால் இருந்தால் அந்தக் கடிதத்துக்கு எடை கூடும்.

உண்மையான தடை வேறு. தினக்கூலிக்குப் போகிற தாய், வேலை நேரத்தில் வைக்கும் கூட்டத்துக்கு எப்படி வருவார்? வந்தாலும் மராத்தியில் எழுதிய தீர்மானத்தை எப்படிப் படிப்பார்? புரியாத தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். நம் சங்கங்கள் செய்ய வேண்டிய வேலை இங்கேதான் இருக்கிறது. கூட்டத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம். மராத்தி தெரிந்த ஒருவர் தீர்மானத்தைத் தமிழில் படித்துக் காட்டலாம். ஓய்வு பெற்ற பொறியாளர்களும் கணக்கர்களும் நம்மில் நிறைய இருக்கிறோம். பெற்றோர் கேட்கும்போது துணையாகப் போய், பழுதுகளைப் பட்டியலிட்டுக் கொடுக்கலாம். உறுப்பினர் நாற்காலி பெற்றோருடையது. அதில் நாம் போய் உட்காரக் கூடாது.

சங்கங்கள் அடுத்த ஆண்டு விழாவுக்கு நன்கொடை திரட்டுமுன், தம் பகுதித் தமிழ்ப் பள்ளியில் குழு கடைசியாக எப்போது கூடியது, தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று விசாரிக்கட்டும். மின்விசிறி வாங்கிக் கொடுப்பது நல்ல காரியம்தான். அதைத் தாங்குகிற கூரை உறுதியாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம்.