கன்னத்துக்கு ஒரு கட்டை, கம்பிக்கு ஒரு வழி

துவக்கு என்ற சொல்லே நம்ம நாட்டில் கொஞ்சம் பாரமான சொல்தான். சில வீடுகளில் அந்தச் சொல்லைக் கேட்டாலே பேச்சு நின்றுபோகும். லக்கல மாதிரி காட்டோரக் கிராமங்களிலோ அது காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருக்கிற ஒரு சாமான். நான் பேச வந்தது மூன்றாவது வகை: விளையாட்டுத் துவக்கு. அதிலும் யாரும் கண்டுகொள்ளாத ஒரு பாகம், கன்னத்தை வைக்கிற கட்டை.

சுடுபவர் பின்கட்டையில் கன்னத்தைச் சாய்த்து, பின்குறியின் சின்ன ஓட்டை வழியாகப் பார்க்கிறார். முன்குறியின் வளையமும் அதற்குள் கறுப்பு இலக்கும் ஒரே மையத்தில் தெரிய வேண்டும். கட்டை தாழ்ந்திருந்தால் கண் ஓட்டைக்குக் கீழே போய்விடும். தலையைத் தூக்கிப் பிடித்தால் கழுத்து இறுகும். ஒரு சூட்டுக்கு என்றால் சமாளிக்கலாம். ஆனால் 10 மீற்றர் ஏர் ரைஃபிள் தகுதிச் சுற்றில் 75 நிமிடத்துக்குள் 60 சூடு. நடுவிலுள்ள பத்துப் புள்ளி வெறும் 0.5 மில்லிமீற்றர் அகலம். கால் மில்லிமீற்றர் விலகினால் 0.1 புள்ளி போச்சு.

2021 ஜூலை 24, டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான இந்தப் போட்டியில் இலங்கையின் தெஹானி எகொடவெலவும் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் சுட்டார்கள். இளவேனிலின் தகுதிச் சுற்றுப் புள்ளி 626.5, இடம் 16. இறுதிச் சுற்றுக்குப் போவது எட்டுப் பேர் மட்டும். எல்லாமே தசமத்தில் முடிவாகிற விளையாட்டு இது. அதனால்தான் இன்றைய போட்டித் துவக்குகளில் கன்னக்கட்டையை மேலே, கீழே, பக்கவாட்டில் நகர்த்தலாம். ஆடம்பரம் இல்லை, அவசியம்.

சிக்கல் சுட்டு முடித்த பிறகு வருகிறது. ஏர் ரைஃபிளில் பெரிய தொல்லையில்லை. பஞ்சு மாதிரியான சின்னக் கட்டிகளைச் செலுத்தியே குழலைத் துடைக்கலாம். 50 மீற்றர் போட்டிக்கான 5.6 மில்லிமீற்றர் துவக்கு அப்படியில்லை. அதில் ஈயமும் மருந்துக் கரியும் குழலுக்குள் தங்கும். போல்டைப் பின்னால் இழுத்துக் கழற்றி, அந்த வழியாகத்தான் துடைக்கும் கம்பியை நேராக விட வேண்டும். கன்னக்கட்டையை உயர்த்தி வைத்திருந்தால் அது சரியாக அந்தப் பாதையில்தான் நந்தி மாதிரி நிற்கும். கட்டையைத் தளர்த்தி இறக்கினால், பாடுபட்டுப் பிடித்த உயரம் தொலைந்தது. கஷ்டம் வேண்டாம் என்று முன்வாயால் கம்பியை விட்டால், ரவை வெளியேறுகிற விளிம்பு தேயலாம். அழுக்கும் உள்ளே பொறிப்பக்கம் போய் விழும்.

இங்கேதான் லக்கல துவக்கு ஞாபகத்துக்கு வருகிறது. வயல் காவலுக்கு வைத்திருக்கிற ஒற்றைக்குழல் துவக்கை நடுவில் மடித்துத் திறந்தால், பின்பக்கத்திலிருந்து குழல் முழுக்கத் தெரியும். கம்பி நேராகப் போகும். நக்கிள்ஸ் அடிவாரத்தில் வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் இரும்பு துருப்பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அங்கே துடைக்க முடியாத சாமானை யாரும் வைத்திருக்க மாட்டார்கள். அந்தச் சாதாரணத் துவக்கில் இருக்கிற வசதியை, அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்குகிற துவக்கிலும் நாம் கேட்டு வாங்க வேண்டாமா?

தீர்வு இல்லாமல் இல்லை. சில கட்டைகளில் போல்ட் போகிற மாதிரி ஒரு வெட்டு விட்டிருக்கிறார்கள். சிலவற்றில் கன்னக்கட்டையை உருவி எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டால், தண்டிலுள்ள நிறுத்து வளையம் அதைப் பழைய உயரத்திலேயே நிறுத்தும். என் வாதம் இதுதான்: நகர்த்த முடிகிறது என்பது பாதி வசதி, கழற்றிவிட்டு அதே இடத்துக்குத் திரும்ப முடிகிறது என்பதுதான் முழு வசதி.

சொந்தத் துவக்கு வைத்திருப்பவருக்கு இது சின்ன எரிச்சலாகத் தெரியலாம். பள்ளிக்கூடத்திலோ பல்கலைக்கழகக் கழகத்திலோ ஒரே துவக்கை ஐந்து பேர் பாவிக்கிறபோது கதை வேற. ஐந்து முகம், ஐந்து உயரம். மாலையில் துடைப்பது பெரும்பாலும் புதிதாக வந்தவரின் வேலை. கட்டையைக் கழற்றினால் சீனியரின் அளவு குலைந்துவிடும் என்று பயந்து, "நாளைக்குத் துடைக்கலாம்" என்று வைத்துவிடுவார். நாளை அடுத்த வாரமாகும். இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவது சுலபம். ஆனால் ஒரு பொருள் பராமரிப்பைக் கஷ்டமாக்கினால், மனிதர்கள் பராமரிப்பைத் தள்ளிப்போடத்தான் செய்வார்கள்.

"அந்தக் காலத்தில் அசையாத மரக்கட்டையை வைத்தே சுடவில்லையா?" என்று கேட்பார்கள். சுட்டார்கள்தான். ஆனால் அசையாத கட்டை ஒரு முகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டது. அது பெரும்பாலும் வளர்ந்த, வலக்கை ஆணின் முகம். பதினாலு வயதுப் பிள்ளை வந்தால் அவள்தான் கட்டைக்கு ஏற்ப வளைய வேண்டும். பிறகு "இவளுக்கு வராது" என்று ஒரு தீர்ப்பு. வராதது அவளுக்கா, கட்டைக்கா?

"அடிக்கடி துடைத்தால் குழல் கெடும்" என்கிறவர்களும் இருக்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் எப்போது துடைப்பது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் சுடுபவர், கட்டை இல்லை.

காசு இல்லாத கழகமும் செய்யக்கூடியது உண்டு. கட்டையின் தண்டில் அளவுக்கோடு இல்லையென்றால் ஒட்டுத்தாளில் கோடு போட்டு எண் எழுதுங்க. ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை: உயரம் இவ்வளவு, பக்கம் இவ்வளவு. புதிதாக வாங்கப்போனால், குழல் காலி என்பதை முதலில் உறுதிசெய்துவிட்டு, கன்னக்கட்டையை உச்சத்துக்கு உயர்த்தி, போல்டைக் கழற்றிப் பாருங்க. தட்டினால், அதைக் கழற்றித் திரும்பப் பூட்டிக் காட்டச் சொல்லிக் கடைக்காரரிடம் கேளுங்க.

2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா 700.5 புள்ளியோடு தங்கம் வென்றார். இறுதிச் சுற்றுக்கு முன் சோதனையாகச் சுட்டபோது தன் துவக்கின் குறி விலகியிருந்ததாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவ்வளவு அனுபவம் இருந்ததால் அவரால் அந்த நேரத்திலும் சரிசெய்ய முடிந்தது. முதல் வருடம் வந்து சேர்ந்த பிள்ளையிடம் அதை எதிர்பார்க்க முடியாது. நேற்று வைத்த உயரம் இன்றைக்கும் அங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கையையாவது அவளுக்குக் கொடுப்போமே.