மேலே தானியம், கீழே மணல்

வங்கியில் இருந்தபோது, தானியத்தின் பேரில் கடன் கொடுக்கும் முன் கிடங்குக்குப் போய்ப் பார்ப்போம். கையில் குத்தூசி இருக்கும். மேல் மூட்டையைப் பார்த்துக் கையெழுத்துப் போடக் கூடாது, அடி மூட்டையைக் குத்திப் பார்க்கணும் என்பது பாடம்.

ஓய்வுக்குப் பிறகு, ஜார்ஜ் ஆர்வெல் 1945-இல் வெளியிட்ட ‘விலங்குப் பண்ணை’யை மறுபடி படித்தேன். முதலாளியை விரட்டிவிட்டு விலங்குகளே பண்ணையை நடத்துகின்றன. கொஞ்ச நாளில் பன்றிகள் முதலாளி ஆகிவிடுகின்றன. சோவியத் ஆட்சியை மனதில் வைத்து எழுதிய கதை. பண்ணையில் பஞ்சம் வருகிறது. வெளியாளுக்குத் தெரியக் கூடாதென்று தொட்டிகளில் மணலை நிரப்பி, மேலாகத் தானியத்தைப் பரப்பி வைக்கிறார்கள். வந்தவரும் குறையே இல்லை என்று ஊரில் போய்ச் சொல்கிறார். முட்டையைத் தர மறுத்த கோழிகளுக்குத் தீவனம் நிறுத்தப்படுகிறது. 9 கோழிகள் சாகின்றன. நோயில் செத்ததாக அறிவிப்பு!

கதைதானே என்று விட முடியாது. 1932-33-இல் உக்ரைனில் அரசு போட்ட கொள்முதல் இலக்கு விளைச்சலுக்குத் தாங்காதது. விதை நெல் போல வைத்திருந்த தானியம்கூடத் தப்பவில்லை. கூட்டுப் பண்ணை வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கியவர்களுக்கும் சிறை. லட்சக்கணக்கானோர் பட்டினியில் செத்தார்கள். பஞ்சமே இல்லை என்றது அரசு.

1958-இல் சீனாவில் பல வயல்களின் பயிரைப் பிடுங்கி ஒரே வயலில் நெருக்கி நட்டு, சாதனை மகசூல் என்று காட்டினார்கள். கதிர்மேல் பிள்ளைகள் நிற்கும் படம் பத்திரிகையில் வந்தது. அந்தப் பொய்க் கணக்கை வைத்தே கொள்முதல் நடந்தது. அடுத்த வருடங்களில் செத்தவர்கள் கோடிக்கணக்கில்.

கொடுங்கோல் என்றதும் துப்பாக்கிதான் நமக்கு ஞாபகம் வருது. அதற்கு முன்னாடியே தாள் வயலை ஜெயித்துவிடுகிறது.

நானும் யோக்கியன் இல்லை. மார்ச் கடைசியில் பழைய பயிர்க்கடன் அடைந்ததாக எழுதி, வட்டியையும் சேர்த்து அன்றைக்கே புதுக்கடன் போட்டிருக்கிறேன். கிளையின் வசூல் நூற்றுக்கு நூறு. விவசாயி வீட்டுக்கு ஒரு ரூபாய் போகவில்லை, கடன் மட்டும் ஏறியது. அவர்கள் முகம் இன்னும் மறக்கல.

இப்போது நம்ம வீட்டுக்கு வருவோம். நம் மேடைகளில் ‘முதல் வருசமே ஏக்கருக்கு 40 மூட்டை’ என்று பேசுபவருக்குக் கைதட்டு கிடைக்குது. மகசூல் விழுந்தவர் கடைசி வரிசையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார். அதனால் யாரும் சாகப் போறதில்லையே என்பீர்கள். அந்தப் பேச்சை நம்பி, வேலையை விட்டுக் குத்தகைக்கு நிலம் பிடித்த ஒரு தம்பி, இரண்டே போகத்தில் மனைவியின் நகையை அடகு வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பினார். ரசாயனக் கம்பெனிக்காரர் பொய்யைக் கேள்வி கேட்கிற நாம், நம்ம பொய்யை ஆர்வம் என்று சொல்லித் தப்ப முடியுமா?

இந்த இதழில் மாதம் ஒரு பக்கம் தோல்விக்கு ஒதுக்கணும் என்பது என் கோரிக்கை. மண், தண்ணீர், ஆள்கூலி, நஷ்டம் எல்லாம் வரணும். முதல் கணக்கு என்னுடையது: போன சம்பாவில் கிச்சிலிச் சம்பா, நடவு தள்ளிப்போய் குலைநோய் விழுந்தது. ஏக்கருக்கு 75 கிலோ மூட்டையில் 13 தான் கண்டது. சந்தேகம் இருந்தால் குத்தூசியோடு வாங்க, கிடங்கைத் திறந்து வைக்கிறேன்.