மரமில்லாத் தீவின் புகை

முதல் மிடறில் முகம் சுளிக்காதவர் அரிது. டிஞ்சர் அயோடின், தார், ஈரக் கயிறு, கருகிய கட்டை: ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை அடுத்த ஐலா தீவின் லஃப்ராய்க் விஸ்கியை முகர்ந்தவர்கள் சொல்லும் வாசனைகள் இவை. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில் இது மருந்தென்ற பெயரில் உள்ளே போனதாகச் சொல்வார்கள். அந்த நெடிக்கு, நம்பாமல் இருப்பதுதான் கடினம்.

இன்று இதைத் தீவின் தனித்தன்மை என்று விற்கிறார்கள். உண்மையில் இது விறகுப் பஞ்சத்தின் வாசனை. அட்லாண்டிக் காற்று அறையும் ஐலாவில் மரம் குறைவு. சதுப்பு நிலத்தில் பாசியும் புதரும் முழுதாக மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த பீட்டை வெட்டிக் காயவைத்து அடுப்பெரித்தார்கள். சமைக்கவும் குளிர்காயவும் அதுதான். முளைகட்டிய பார்லியை உலர்த்தவும் அதுதான். அந்தப் புகையின் ஃபீனால்கள் தானியத்தில் ஏறிவிட்டால் வடித்தாலும் போகாது, ஓக் பீப்பாயில் பத்தாண்டு கிடந்தாலும் முழுதாகப் போகாது. உள்நாட்டில் ரயில் வந்ததும் பல ஆலைகள் நிலக்கரிக்கு மாறின. தீவுக்கு ரயில் ஏது?

இந்த வாசனையை நகலெடுக்கவும் ஒருவர் முயன்றார். பக்கத்து லாகவூலின் ஆலையின் முதலாளி பீட்டர் மேக்கி. லஃப்ராய்க்கின் விற்பனை முகவரும் அவர்தான். அந்த உரிமை கைநழுவியதும் ஆத்திரத்தில் லஃப்ராய்க்குக்குப் போகும் தண்ணீரை மறித்தார். நீதிமன்றம் திறந்துவிட வைத்தது. மனிதர் விடவில்லை. 1908இல் தன் வளாகத்துக்குள்ளேயே மால்ட் மில் என்று ஒரு சிற்றாலை எழுப்பி, லஃப்ராய்க்கில் உள்ளதைப் போலவே வடிகலங்கள் வைத்தார். வந்தது விஸ்கிதான், லஃப்ராய்க் அல்ல. 1962இல் அதுவும் மூடப்பட்டது. வாசனை ஒட்டாததற்குக் காரணம் தண்ணீரா, பீட்டா, கலத்தின் வளைவா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தண்ணீரின் மகிமை பற்றிய பேச்சில் பாதி விளம்பரம் என்பது என் கணிப்பு.

இத்தனைக்கும் இதைத் தனியாகக் குடித்தவர்கள் அன்று குறைவு. பெரும்பகுதி கலப்பு விஸ்கிக்குப் பெருங்காயம் போலப் போனது, ஒரு சிட்டிகை. சாம்பாரே விற்காதபோது பெருங்காயம் யாருக்கு வேண்டும்? தேங்கிய சரக்கைக் கண்டு அஞ்சி, பல ஆலைகளை வைத்திருந்த டிஸ்டில்லர்ஸ் கம்பெனி 1983இல் ஒரே ஆண்டில் 11 ஆலைகளை மூடியது. ஐலாவின் போர்ட் எலனும் அதில் போனது. பிறகு ரசனை திரும்பியது. கேட்பாரற்றுக் கிடந்த பீப்பாய்களில் மிஞ்சிய சரக்கு, புட்டி ஆயிரக்கணக்கான பவுண்டுக்குக் கைமாறியது. 2024இல் போர்ட் எலன் மறுபடி திறந்தது. அது பூட்டிக் கிடந்த காலத்திலும் பக்கத்தில் 1973இல் தொடங்கிய மால்ட் ஆலை தீவின் மற்ற ஆலைகளுக்காகப் பார்லிக்குப் பீட் புகை போட்டுக்கொண்டிருந்தது.